வட கரோலினாவின் பழைய எஸ்டேட், கார்டியன் ஆவணங்கள்: எந்த வழியில் தேடலாம்?

வட கரோலினாவில் 1868-க்கு முன் வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வரலாறு படிக்கும் மாணவராக இருக்கலாம். அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவராக இருக்கலாம். கேரி, மோரிஸ்வில் பக்கம் வீடு வாங்கிவிட்டு, இந்த நிலம் முன்பு யார் பண்ணையாக இருந்தது என்று கிளறத் தொடங்கியவராகவும் இருக்கலாம். கையில் இருப்பது ஒரு பெயர், ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), சுமாராக ஓர் இறப்பு வருடம். எங்கே போவது? குடும்ப வரலாறு தேட உதவும் இலவச இணையத்தளமான ஃபேமிலிசர்ச், சந்தா கட்ட வேண்டிய ஆன்செஸ்ட்ரி, தலைநகர் ராலேயில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம், அந்தந்தக் கவுண்டியின் கோர்ட், காசு கொடுத்தால் தேடித் தரும் ஆய்வாளர் என ஐந்து வழிகள் இருக்கின்றன.

பலர் இதை விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். இலவசத்தில் பார்ப்போம், கிடைக்காவிட்டால் சந்தா கட்டுவோம், அதுவும் சரிவராவிட்டால் நேரில் போவோம் என்று ஒரு வரிசை. எனக்கு இந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. யாரைத் தேடுகிறோம் என்பதுதான் முதலில் தெளிவாக வேண்டும். இறந்துபோன சொத்துக்காரரையா, அவர் மனைவியையா, மைனர் பிள்ளைகளையா, அவரிடம் அடிமைகளாக இருந்தவர்களையா? இறந்தவர் விட்டுப்போன சொத்து (எஸ்டேட்), மைனர்களின் பாதுகாவலர் (கார்டியன்) பற்றிய இந்த ஆவணங்களுக்குப் போட்ட பழைய அட்டவணைகள் பெரும்பாலும் இறந்தவரின் பெயரில் இருப்பவை. மற்றவர்களைத் தேடும்போது ஒரே தளம்கூட வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கவுண்டி கோர்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும், 1840 வரை வீட்டுத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கைதான். 1850-இல்தான் அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் வந்தது. அடிமைகளுக்கு 1850, 1860 இரண்டு முறையும் தனிப் பட்டியல் எடுத்தார்கள். அதில் உரிமையாளர் பெயரும், அடிமைகளின் வயது, பால், நிறமும் இருக்கும், அவர்களுடைய பெயர் இருக்காது. மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு வந்தது 1913-இல். ஆக, அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதிவைத்த இடங்களில் முக்கியமானது, சாவுக்குப் பிறகு சொத்தைப் பங்கு போட்ட கோர்ட்.

அந்தக் கோர்ட்டின் முழுப் பெயர் கோர்ட் ஆஃப் ப்ளீஸ் அண்ட் குவார்ட்டர் செஷன்ஸ். உள்ளூர் ஜஸ்டிஸ்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி உட்கார்வார்கள். உயில், இறந்தவர் சொத்தின் நிர்வாகம், கார்டியன், தொழில் பழகக் கட்டிவிடும் பிள்ளைகள், சாலை, சத்திர லைசென்ஸ் எல்லாம் அவர்கள் கையில். 1868 அரசியலமைப்பு இந்தக் கோர்ட்டை எடுத்துவிட்டது. அப்புறம் எஸ்டேட் விவகாரம் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம் போனது. வட கரோலினாவில் இன்றும் உயிலை ஏற்கும் புரோபேட் நீதிபதி வேலையைப் பார்ப்பவர் அந்தக் கிளார்க்தான். தேடும்போது 1868 என்ற கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1760 இன்னொரு கோடு. அதற்கு முன் மூல உயில்கள் கவுண்டியில் தங்காமல் மாகாணச் செயலரிடம் போய்ச் சேர்ந்தன.

உயிலா, எஸ்டேட் கட்டா, கார்டியன் கணக்கா?

எல்லோரும் முதலில் கேட்பது உயில். சென்னையில் உயிலுக்குப் புரோபேட் வாங்கி அலைந்தவர்களுக்கு நடைமுறை புதிதாக இருக்காது. சாட்சிகள் வந்து சத்தியம் செய்வார்கள், கோர்ட் ஏற்கும், உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர் பொறுப்பேற்பார், கிளார்க் பெரிய புத்தகத்தில் நகல் எழுதிவைப்பார். படிக்க எளிது, கண்டுபிடிக்கவும் எளிது. ஆனால் மூன்றிலும் குறைவாகப் பேசுவது உயில்தான் என்பேன். பாதிப் பேர் போல உயில் எழுதாமலே செத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு தேடுவது நல்லது. எழுதியவர்களும் “என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏற்கெனவே பங்கு வாங்கிக்கொண்டு டென்னசிக்கோ ஜார்ஜியாவுக்கோ போய்விட்ட மகன் பெயர் அதில் வராமலே போகலாம்.

எஸ்டேட் கட்டு வேறு விஷயம். ஒருவர் இறந்ததிலிருந்து கணக்கு முடியும்வரை சேர்ந்த உதிரித் தாள்கள் அத்தனையும் அதில் கிடக்கும். நிர்வாகியும் அவருடைய ஜாமீன்தாரர்களும் கையெழுத்திட்ட பிணைப்பத்திரம், சொத்துப் பட்டியல், வரவேண்டிய புரோநோட்டுகள், டாக்டர் பில், சவப்பெட்டி செய்த தச்சனின் ரசீது, விதவைக்கு ஒரு வருடச் சாப்பாட்டுக்காக ஒதுக்கிய சோளமும் பன்றி இறைச்சியும், நிலத்தில் அவளுக்கு ஆயுள்வரை அளந்துவிட்ட மூன்றில் ஒரு பங்கு, கடைசியில் வாரிசுகள் ஒவ்வொருவரும் பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த ரசீது. மகள் பங்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர் அவள் கணவர். கல்யாணப் பதிவு தொலைந்துபோன இடத்தில்கூட மருமகன் பெயர் இப்படிக் கிடைத்துவிடும்.

அந்தக் கட்டில் நான் முதலில் தேடுவது ஏலக் கணக்கை. இறந்தவரின் சாமான்களை வீட்டு வாசலிலேயே ஏலம் விடுவார்கள். என்ன பொருள், யார் எடுத்தார், என்ன விலை என்று வரிவரியாக இருக்கும். கலப்பை, இரும்புப் பானை, இறகு மெத்தை, ஒரு பசுவும் கன்றும். எடுத்தவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்துப் பண்ணைக்காரர். ஊர் வரைபடமே அதில் இருக்கிறது. பல கணக்குகளில் முதல் சில வரிகளில் விதவையின் பெயர்தான் வரும். வீட்டுச் சாமானும் சட்டப்படி கணவன் சொத்து என்பதால், தான் சமைத்த பானையையும் தான் நூற்ற ராட்டையையும் அவளே ஏலத்தில் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. இதை ஒருமுறை படித்துவிட்டால், இந்த ஆவணங்களை வெறும் வம்ச அட்டவணைக்காகப் பார்க்கத் தோன்றாது.

கார்டியன் கணக்கு இதைவிடவும் மெதுவாகப் படிக்க வேண்டிய சமாச்சாரம். அங்கே அப்பா இறந்தாலே பிள்ளை அனாதை. அம்மா உயிரோடு இருப்பது கணக்கில் இல்லை. பிள்ளைக்குச் சொத்து வந்தால் கோர்ட் ஒரு கார்டியனை நியமிக்கும். அவர் ஜாமீனோடு பிணை எழுதிக் கொடுப்பார். தொகை வழக்கமாகச் சொத்து மதிப்பைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதனால் பிணைத் தொகையைப் பார்த்தே பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம். அம்மா மறுமணம் செய்துகொண்டால் புதுக் கணவரே கார்டியனாக வருவதும் சகஜம். பிறகு வருடாவருடம் வரவு செலவு காட்ட வேண்டும். செருப்பு, துணி, பள்ளிச் சம்பளம், சாப்பாட்டுச் செலவு ஒரு பக்கம். நில வாடகை, புரோநோட்டு வட்டி, அடிமைகளை வாடகைக்கு விட்ட பணம் மறுபக்கம்.

அந்த மறுபக்கம்தான் முக்கியம். மைனருக்குப் பங்காக வந்த அடிமைகளைப் புத்தாண்டு சமயத்தில் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். யாரை, யாரிடம், எவ்வளவுக்கு என்று கணக்கில் எழுதியாக வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் சில வருடம் தொடர்ந்து வரும். பிறகு அவளோடு ஒரு குழந்தையின் பெயரும் சேரும். கணக்கெடுப்பில் பெயரே இல்லாத மனிதர்களை வருடவாரியாகப் பின்தொடர இதைப் போல இன்னொரு ஆவணம் கிடைப்பது அரிது.

சொத்தே இல்லாத அனாதைக்குக் கார்டியன் கிடையாது. தொழில் பழக ஒருவரிடம் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் ராலேயில் 1808-இல் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா ஜேக்கப் போய்விட்டார். அம்மா இருந்தார், மறுமணமும் செய்துகொண்டார். ஆனாலும் பையனை ஜேம்ஸ் செல்பி என்ற தையல்காரரிடம் இருபத்தொரு வயதுவரை கட்டிவிட்டார்கள். 1824-இல் பையன் ஓடிவிட்டான். பிடித்துக் கொடுத்தால் பத்து டாலர் என்று செல்பி பத்திரிகையில் விளம்பரம் போட்டார். இப்படி ஒரு பையனைக் கார்டியன் கணக்கில் தேடினால் காலம் முழுக்கத் தேட வேண்டியதுதான். தொழில்பழகு பத்திரங்களும் கோர்ட்டின் மினிட்ஸ் புத்தகமும்தான் இடம்.

ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி

இப்போது வழிகளுக்கு வருவோம். இரண்டு தளங்களிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே மூலங்களிலிருந்து எடுத்த படங்கள்தான். ஃபேமிலிசர்ச்சில் வட கரோலினா எஸ்டேட் கட்டுகளுக்கென்று ஒரு தொகுப்பு உண்டு. 1663 முதல் 1979 வரை என்று அதன் தலைப்பு சொல்லும். உதிரித் தாள்களின் படங்கள் அதில் இருக்கின்றன. பைண்டு செய்த உயில் புத்தகம், சொத்துப் பட்டியல் புத்தகம், கார்டியன் கணக்குப் புத்தகங்கள் வேறொரு தொகுப்பில், பக்கம் பக்கமாகப் புரட்டும் நிலையில் இருக்கின்றன. கணக்குத் தொடங்கினால் போதும், காசு இல்லை. சில படங்களை மட்டும் அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும்.

ஆன்செஸ்ட்ரி 2015-இல் அமெரிக்கா முழுவதற்குமான உயில், புரோபேட் தொகுப்பை வெளியிட்டது. தேடுபொறி சுகமானது, பெயர் போட்டால் சட்டென்று வந்து நிற்கும். ஆனால் வருவது பெரும்பாலும் இறந்தவரின் பெயர். கட்டுக்குள் இருக்கும் வாரிசு, மைனர், ஜாமீன்தாரர், அடிமை யாருக்கும் அந்த அட்டவணையில் பெரிதாக இடமில்லை. இறந்தவர் பெயரும் கவுண்டியும் தெரிந்தவருக்கு இது போதும். அதற்கும் முழு வருடச் சந்தா எதற்கு? ஒரு மாதம் கட்டலாம். அல்லது பக்கத்துப் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்கள் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பை வாங்கி வைத்திருக்கின்றன.

ஃபேமிலிசர்ச் 2024-இல் முழுவாசகத் தேடலைக் கொண்டுவந்தபோது இந்த ஒப்பீடே மாறிவிட்டது. கையெழுத்தைக் கணினியே படித்து, பக்கத்தில் இருக்கும் எந்தப் பெயரையும் தேட விடுகிறது. முதலில் இந்த வசதிக்குள் வந்தவற்றில் அமெரிக்க நில, புரோபேட் ஆவணங்கள் இருந்தன. இருநூறு வருடமாக இறந்தவர் பெயரை வைத்தே திறக்க வேண்டியிருந்த கட்டுகளை இப்போது ஏலத்தில் பானை எடுத்தவர் பெயரை வைத்தும் திறக்கலாம். தப்பும் வரும். அந்தக் காலத்து நீளமான எஸ் எழுத்தை எஃப் என்று படித்துவிடும். ஜெஸ்ஸி என்ற பெயர் ஜெஃப்ஸி ஆகிவிடும். அடிமைகளைத் தேடும்போது வெறும் முதற்பெயரைப் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். முதற்பெயரோடு உரிமையாளர் குடும்பப் பெயரையும் கவுண்டியையும் சேர்த்துப் போடுங்கள். எல்லாத் தொகுப்பும் இந்த வசதிக்குள் வந்துவிடவில்லை என்பதால் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே பழையபடி புரட்டத்தான் வேண்டும்.

ஒரு நிஜ உதாரணம். சோவன் கவுண்டியின் ஈடன்டன் ஊரில் 1825-இல் மார்கரெட் ஹார்னிப்ளோ இறந்தார். அவரிடம் அடிமையாக இருந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் அப்போது பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுமி. உயிலோடு சேர்ந்த ஒரு பிற்சேர்க்கை அவளை மார்கரெட்டின் சகோதரி மகளான மேரி மாடில்டா நார்காமுக்குக் கொடுத்தது. எஜமானிக்கு வயது மூன்று. மூன்று வயதுக் குழந்தையின் சொத்து என்றால் யார் கையில் போகும்? அப்பா டாக்டர் ஜேம்ஸ் நார்காம் கையில். ஹாரியட்டின் வாழ்க்கையை நரகமாக்கியவர் அவர்தான். ஹாரியட் அவரிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு பொந்தில் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒளிந்திருந்து, 1842-இல் வடக்கே போய், 1861-இல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். அந்தப் பிற்சேர்க்கைக்குச் சாட்சி போட்ட இருவரில் ஒருவர் அதே டாக்டர் நார்காம். மார்கரெட்டின் கையெழுத்து அதில் இல்லை.

இதை எந்த வழியில் கண்டுபிடித்திருப்பீர்கள்? பெயர் அட்டவணையில் போனால் கிடைப்பது மார்கரெட் ஹார்னிப்ளோவின் பெயர். ஹாரியட்டை மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. உயில் புத்தகத்து நகலைப் பார்த்தால் பிற்சேர்க்கை கிடைக்கும்; ஆனால் நகலில் சாட்சி, எழுதியவர் எல்லோருடைய கையெழுத்தும் கிளார்க்கின் கையால் எழுதியது. கையெழுத்து இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மூலத்தாளுக்குத்தான் போக வேண்டும். மூலத்தாள் இருப்பது ராலேயில்.

ராலேயும் கவுண்டி கோர்ட்டும்

மாநில ஆவணக் காப்பகம் 1903-இல் தொடங்கிய வரலாற்று ஆணையத்தின் வாரிசு. ராலே நகரின் ஈஸ்ட் ஜோன்ஸ் தெருவில் இருக்கிறது. நூறு கவுண்டிகளிலிருந்தும் மூல உயில்களும் உதிரி எஸ்டேட் தாள்களும் இங்கே வந்து, கவுண்டிவாரியாக, இறந்தவர் பெயரின் அகரவரிசையில் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பைண்டு புத்தகங்களில் பல கவுண்டியிலேயே தங்கிவிட்டன. அவற்றின் மைக்ரோஃபிலிம் ராலேயில் உண்டு. படிக்கும் அறையில் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான். பையை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். திறந்திருக்கும் நாள்கள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கும்போது ராலேவரை போவது வீண் என்று சிலர் சொல்வார்கள். எல்லா நேரமும் அப்படி இல்லை. கட்டின் ஓரமாகக் கிடக்கும் துண்டுச் சீட்டு, தாளின் பின்பக்கக் குறிப்பு, எந்தத் தாள் எதனோடு சேர்ந்து மடிந்திருந்தது என்பதெல்லாம் நேரில் பார்த்தால் தெளிவாகும். தவிர, தொழில்பழகு பத்திரம், கார்டியன் பிணை, அடிமைகள் தொடர்பான பலவகைத் தாள்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆவணக் காப்பாளரிடம் இரண்டு நிமிடம் பேசினால், நாம் கேள்விப்பட்டிராத ஒரு பெட்டியைக் காட்டிவிடுவார். வட கரோலினாவிலேயே இருப்பவர்கள் இந்த வாய்ப்பை விடக்கூடாது.

கவுண்டி கோர்ட்டுக்கு நேரே போவதை நான் கடைசியில்தான் வைப்பேன். அங்கே இருப்பவர்களுக்கு இன்றைய வழக்குகளே தலைக்கு மேல். 1868-க்கு முந்தைய தாள்கள் அநேகமாக ராலேவுக்குப் போய்விட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியும் அதற்குப் பிறகும் வரும் கோப்புகள் என்றால் கதை வேறு. அப்போது சுப்பீரியர் கோர்ட் கிளார்க் அலுவலகம்தான் முதல் இடம். கூடவே, அதே ஊரில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்று தனி அலுவலகம் இருக்கும். பாகப்பிரிவினை பல சமயம் நிலப்பத்திரப் புத்தகத்திலும் ஏறியிருக்கும்.

எந்த வழியில் போனாலும் கவுண்டி சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டர்ஹாம் கவுண்டி 1881-இல்தான் பிறந்தது, ஆரஞ்ச், வேக் இரண்டிலிருந்தும் வெட்டியெடுத்து. அலமான்ஸ் 1849-இல் ஆரஞ்சிலிருந்து பிரிந்தது. இன்றைய டர்ஹாம் நகரப் பக்கம் 1830-இல் இறந்தவரை டர்ஹாமில் தேடினால் வெறும் கைதான். ஆரஞ்ச் கவுண்டியில் பார்க்க வேண்டும்.

எரிந்துபோன கவுண்டிகள் தனி வேதனை. ஹெர்ட்ஃபோர்ட் கவுண்டியின் கோர்ட் 1830-இல் ஒருமுறை எரிந்தது. மறுபடியும் 1862-இல், உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வின்டன் ஊருக்குத் தீ வைத்தபோது போனது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தளத்துக்குச் சந்தா கட்டியும் பயனில்லை. அங்கே சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். பக்கத்துக் கவுண்டியில் நிலம் இருந்தால் அங்கே தடயம் கிடைக்கும். சொத்துச் சண்டை மேல்முறையீடு வரை போயிருந்தால் மாநில உச்ச நீதிமன்ற வழக்குக் கட்டுகளில் கீழ்க்கோர்ட் தாள்களின் நகல் தப்பியிருக்கும், அவையும் ராலேயில்தான். அடிமைகளைத் தேடுபவர்கள் கிரீன்ஸ்பரோவில் உள்ள பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க அடிமைமுறை மின்நூலகத்தையும் பார்க்கலாம். மனுக்களும் அடிமை விற்பனைப் பத்திரங்களும் அங்கே பெயர்வாரியாகக் கிடைக்கின்றன.

யாருக்கு எது?

சொத்துக்காரர் ஒருவரின் பெயர், கவுண்டி, காலம் மூன்றும் தெரிந்தவர் ஃபேமிலிசர்ச்சின் எஸ்டேட் கட்டில் தொடங்கட்டும். உயிலில் நின்றுவிட வேண்டாம். அங்கே இல்லையென்றால் மட்டும் ஆன்செஸ்ட்ரிக்கு ஒரு மாதம்.

பெண்களையும் மைனர் பிள்ளைகளையும் தேடுபவருக்கு முழுவாசகத் தேடல் முதல் படி. அதில் அப்பா பெயர் கிடைத்ததும் கார்டியன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கலாம். புத்தகத்தின் முன்னால் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். அது கார்டியன் பெயரிலா, பிள்ளை பெயரிலா என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தைத் தேடுபவர் 1870 கணக்கெடுப்பில் தொடங்கி, அக்கம்பக்கத்து நிலச்சுவான்தார்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய அப்பா, மாமனார் எஸ்டேட்களுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். மாமனாரை மறந்துவிடாதீர்கள். அடிமைகளில் பலர் மகளின் பங்காக மருமகன் வீட்டுக்கு வந்தவர்கள்.

ஆய்வாளருக்குக் காசு கொடுப்பது எப்போது சரி? கேள்வி சின்னதாக இருக்கும்போது. “எங்கள் குடும்பத்தைப் பற்றி எல்லாம் கண்டுபிடியுங்கள்” என்று மணிக்கணக்கில் சம்பளம் பேசினால் பணம் கரைந்துவிடும். “இந்தக் கவுண்டி, இந்தப் பத்து வருடம், இவருடைய கட்டில் பாகப்பிரிவினைத் தாள் இருக்கிறதா, இருந்தால் படம்” என்று கேட்டால் அரை நாள் வேலை. அமெரிக்காவில் வம்ச ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்க 1964 முதல் ஒரு வாரியம் இருக்கிறது. அதன் பட்டியலில் ராலே பக்கத்தில் யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து தேடுபவர்களுக்கு ராலேவுக்கு எழுதிக் கேட்கும் வழியும் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் உண்டு. ஒரு கோரிக்கையில் ஒரு பெயர், ஒரு கவுண்டி, ஒருவகை ஆவணம் என்று எழுதுங்கள். உயில் வேண்டும் என்று மட்டும் எழுதினால் உயில் மட்டுமே வரும். இறந்தவரின் எஸ்டேட் கட்டு முழுவதும், உறையும் பின்பக்கங்களும் உட்பட வேண்டும் என்று குறிப்பிட்டு, எத்தனை பக்கம், எவ்வளவு செலவு என்று முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.